மதிலூருக்குப் போன செய்முறை

பயிற்சிப் பள்ளி விடுதி
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செழியன் எழுதுகிறேன். காலில் கொப்புளம் கிளம்பியிருக்கிறதே தவிர மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போலீஸ் பயிற்சி என்றால் ஓட்டமும் அணிவகுப்பும்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். போன் இல்லாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை பொதுப் போனுக்கு வரிசையில் நின்றால், அம்மா "சாப்டியா" என்று கேட்டு நான் "சாப்டேன்" என்று சொல்வதற்குள் அடுத்தவன் தோளைத் தட்டுகிறான். அதனால்தான் கடிதம்.

என் போனை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்த காரணத்தை பஸ் ஏறும் அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. சேவுகம்பட்டியில் அப்பா கையில் கொடுத்திருந்தால் அது கிணற்றுக்குள் போயிருக்கும். அதில் 'மதிலூர்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. தினமும் ஒரு தடவை அதைத் திறந்து பார். நீண்ட நாள் திறக்காமல் விட்டால் என் தலைவர் பதவி போய்விடும்.

அதில் ஆளுக்கு ஓர் ஊர். ஊர்க்காரர்கள் சேர்ந்தது ஒரு கூட்டம். எங்கள் கூட்டத்தின் பெயர் 'வெறுங்கை'. காலேஜில் நானும் ஒட்டன்சத்திரம் மீரானும் ஆரம்பித்தது. அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை காசு போட்டு எதையாவது வாங்கினால் போதும், பெயரைச் சுற்றித் தங்கக் கட்டம் விழுந்துவிடும். பிறகு எந்தக் காலத்திலும் போகாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பெயரிலும் கட்டம் கிடையாது. கட்டம் விழுந்தால் வெளியே போகவேண்டும் என்பது நான் போட்ட விதி. எதிரிகள் எங்களைப் பஞ்சப்பரதேசிகள் என்பார்கள். அவர்களையே பலமுறை ஜெயித்திருக்கிறோம். அக்கா, எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். 'சலுகை' என்று ஏதாவது மின்னினால் மட்டும் கை வைத்துவிடாதே.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி,
செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
19.6.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா கௌசல்யா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதே, தேங்காய் எண்ணெய் தடவு.

உன் ஊரைத் திறந்து பார்த்தேன். சுற்றுச்சுவர் பளபளவென்று இருக்கிறது. உள்ளே ஒரு வீட்டுக்கும் கூரை உருப்படியாக இல்லை. எந்நேரமும் சண்டைக்குப் போகிற ஆண்பிள்ளைகள் கட்டிய ஊர் என்று பார்த்தவுடன் தெரிகிறது. கிழக்குப் பக்கம் சும்மா கிடந்த இடத்தில் பூச்செடி நட்டிருக்கிறேன். காலையில் மல்லிக் காட்டில் அரும்பு பறித்து, உன் மாமா மூட்டையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன பிறகு எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்போது உன் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறேன். இங்கேயும் அதே வேலை, அங்கேயும் அதே வேலை.

நீ சொன்ன சலுகை மின்னத்தான் செய்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான், விட்டால் கிடைக்காது என்று பதறுகிறது. வளையல்காரர் தெருமுனையில் திரும்பும்போது போடும் சத்தம் மாதிரி. மூடிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சடையாண்டி மாமா பேரனுக்குக் காதுகுத்து. செய்முறைத் தட்டு எடுத்துக்கொண்டு போய் வந்தோம். நல்ல கூட்டம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
கௌசல்யா

*

29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் தடவினேன், கொப்புளம் அடங்கிவிட்டது. மாமாவின் இடுப்பு வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பதில் மீரானுக்குப் போன் போட்டேன். தலைக்குத் தலை சண்டை நடந்துகொண்டிருக்கையில் தலைவர் செம்பருத்திக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார் என்று புலம்புகிறான். விளையாடுவது நீ என்று கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லவேண்டாம் என்றிருக்கிறேன்.

சரி, உன் இஷ்டம். மண்டபம் கட்டி முடியப்போகிறதாம். முடிந்ததும் 'ஊர்விழா' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் கூட்டத்தில் உள்ளவர்கள் தங்களிடம் இருப்பதில் ஏதாவது பரிசு அனுப்புவார்கள். அதை விற்றுப் படையாள் சேர்த்துக்கொள். சும்மா ஒரு சடங்கு அது.

உன் தம்பி,
செழியன்

*

20.7.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்ல சுகம். உனக்கு எடை குறைந்துவிட்டதாக அம்மா கவலைப்படுகிறாள், உண்மையா?

விழா நடத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருந்தது, அன்றைக்கு அழுத்தினேன். சும்மா ஒரு சடங்கு என்று நீ எழுதியதால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேளச்சத்தம் கேட்டது. வாசலில் ஒவ்வொரு பெயராக வந்து நிற்கிறது, தம்பி. மீரான் ஒரு காளை கொண்டுவந்தார். பெரியகருப்பன் என்பவர் விளக்குத்தூண். தமிழ்மதி என்று ஒரு பெண்பிள்ளை கூட இருக்கிறாளே, அவள் மயில். இன்னும் யார் யாரோ. உன் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயர் வரும்போதும் போனைப் பார்த்து "வாங்க, வாங்க" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலையில் சோறு குழைந்து போனதைக்கூட கவனிக்கவில்லை. குழைந்த சோற்றில் வெல்லத்தைப் போட்டுப் பாயசமாக்கிவிட்டேன்.

எதையும் விற்கவில்லை. காளையை மண்டபத்து வாசலில் கட்டியிருக்கிறேன்.

இவர்கள் வீட்டு விழா எல்லாம் எப்போது வரும்? தெரிந்தால் எழுது.

அக்கா,
கௌசல்யா

*

3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எடை குறைந்தது உண்மைதான், ஆனால் இரும்பாக இருக்கிறேன். கவலை வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்து அறையில் எல்லோரும் சிரித்தோம். விழா எல்லோருக்கும் மாறி மாறி வரும். தோன்றினால் ஒரு மூட்டை நெல் அனுப்பு, இல்லாவிட்டால் விடு. யாரும் கேட்கமாட்டார்கள்.

இங்கே பக்கத்துக் கட்டிலில் பிரபு என்று ஒருவன். அவனும் மதிலூர்க்காரன். பெயரில் தங்கக் கட்டம். சாப்பாட்டு அறையில் எங்களுக்குள் தினமும் வாக்குவாதம். காசு போடுவது பழனி மலையில் கட்டண வரிசையில் போவது மாதிரி என்றேன். காலையிலிருந்து பொது வரிசையில் கால் கடுக்க நிற்கிறவனை இவன் சீட்டைக் காட்டித் தாண்டிப் போகிறான். அப்படிப் பார்த்த முருகனைப் பார்த்ததாக எப்படிச் சொல்லிக்கொள்வது? சாமிக்கு எல்லா வரிசையும் ஒன்றுதான் என்கிறான் அவன். விளையாட்டை நடத்துகிற கம்பெனி வேண்டுமென்றே எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது. பிறகு வேகத்தை நம்மிடமே விற்கிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவி விற்கிற வியாபாரம். இல்லாத யானைக்கும் இல்லாத தேருக்கும் காசு கொடுக்கிறவன் ஏமாளி.

என் பெயரில் கட்டம் இல்லை என்று சொன்னதும் அவனே கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான். அதற்குத்தான் அக்கா இத்தனை வருடம்.

உன் தம்பி,
செழியன்

*

7.9.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை பெய்ததால் காட்டில் களை அதிகம்.

ஆவணியில் முகூர்த்தம் அடுத்தடுத்து வந்தது. கருப்புசாமி அண்ணன் மகள் கல்யாணம், பிறகு ஒரு புதுவீடு, ஒரு வளைகாப்பு. எல்லாவற்றுக்கும் போய் வந்தோம்.

ஏமாளி என்று எழுதியிருந்தாய். நாங்கள் விற்கிற மல்லியும் சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் அதைக் கூட்டித் தள்ளுகிறார்கள். பூ வாங்குகிறவளை ஏமாளி என்று யாரும் சொல்வதில்லை. சும்மா தோன்றியது.

உன் விளையாட்டு நன்றாக இருக்கிறது.

அக்கா,
கௌசல்யா

*

ஒட்டன்சத்திரம்
14.9.2025

அன்பு மாப்பிள்ளை செழியனுக்கு,

மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் இறைவன் அருளால் நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். மண்டியில் கேரளா லாரிக்குக் கத்தரிக்காய் ஏற்றிவிட்டு, மூட்டை மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பேச ஆரம்பிக்கும் முன் வைத்துவிடுகிறாய்.

உன் பெயரில் தங்கக் கட்டம் விழுந்துவிட்டது. ஆடி கடைசியிலேயே. கொஞ்ச நாள் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். ஆனால் கூட்டத்தில் யாருக்கு விழா வந்தாலும் உன் ஊரிலிருந்து பரிசு போகிறது. எனக்கு யானை வந்தது. தமிழ்மதிக்குத் தேர். பெரியகருப்பனுக்கு வெண்கல மணி. எல்லாம் காசு போட்டால்தான் கிடைக்கிற சாமான். சண்டைக்கென்று ஒரு கத்திகூட வாங்கவில்லை.

என்னைக் கேட்டால், ஒருவன் தன் காசில் டீ குடிப்பது மாதிரிதான் இதுவும், போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும் என்பேன். இதை நான் முன்னாலும் உன்னிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் விதி நீ போட்டது. தலைவனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா என்று பெரியகருப்பன் கேட்கிறான். என்ன பதில் சொல்ல?

அக்காவைத் திட்டிவிடாதே.

மீரான்

*

21.9.2025

அக்காவுக்கு,

மீரான் எல்லாம் எழுதிவிட்டான்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அந்த ஒன்றைத்தான் செய்திருக்கிறாய். காளையும் மயிலும் வந்தது ஆட்டம், அக்கா. அதற்குப் போய் யானை வாங்கி அனுப்புவார்களா? இத்தனை வருடம் ஒற்றை ரூபாய் போடாமல் காப்பாற்றிய பெயர். இனி நான் நினைத்தாலும் அந்தக் கட்டத்தை அழிக்கமுடியாது. கடிதத்தில் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. விளையாட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாய்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருந்திருக்கும். உனக்குப் பொழுது கிடக்கிறது, என் பெயரை எடுத்து விளையாடிவிட்டாய்.

போனை மீரானிடம் கொடுத்துவிடு.

செழியன்

*

12.10.2025

தம்பி செழியனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

மீரான் தம்பி வந்திருந்தார். போனைக் கொடுத்துவிட்டேன். சார்ஜரும் கொடுத்தேன். உறை கொஞ்சம் கிழிந்திருந்தது, புதிது வாங்கிப் போட்டிருக்கிறேன்.

சிவனம்மாள் அத்தை பேத்திக்குச் சடங்கு. உன் மாமா மட்டும் போய் வந்தார்.

இரவில் போர்த்திக்கொண்டு படு. அந்தப் பக்கம் குளிர் அதிகம் என்கிறார்கள்.

கௌசல்யா

*

ஒட்டன்சத்திரம்
19.10.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காபி கொடுத்தது, போனைத் துடைத்து ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தது. அப்போது ஒன்றே ஒன்று சொன்னது: "கூட்டத்துல எல்லாருக்கும் செஞ்சு முடிச்சிட்டேன் தம்பி. ஒருத்தருக்கும் பாக்கி இல்லைன்னு செழியங்கிட்ட சொல்லிருங்க." பிறகு அடுப்படிக்குள் போனது, வெளியே வரவில்லை.

உன் பொன்னழகு மாமா பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அந்தக் காசெல்லாம் தன் போனிலிருந்து தானேதான் கட்டியதாகச் சொன்னார். ஏன் மாமா என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்க போகாத விசேசம் இல்ல தம்பி. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எல்லாத்துக்கும் தட்டோட முன்னால நிப்பா. எங்ககிட்ட வாங்குனவுகளுக்கெல்லாம் திருப்பிச் செய்ய மனசு உண்டு. ஆனா எங்க வீட்ல விசேசமே வரலையே, அவுக எங்க வந்து செய்வாக? பிள்ளை இல்லாதவுக வசந்த விழான்னு ஒண்ணு வச்சு மொய் வாங்கிக்கிறது நம்ம பக்கம் வழக்கம்தான். வைப்போமான்னு கேட்டேன். நமக்குப் பிள்ளை இல்லைன்னு பத்திரிகை அடிச்சு ஊருக்குக் குடுக்கவான்னு கேட்டா. அதோட விட்டுட்டேன். அன்னைக்கு அந்தப் போன்ல வாசல்ல வந்து நின்னாக பாருங்க, அவ மொகத்த நான் அப்படிப் பாத்ததே இல்ல. வாங்குனதுக்கு ஒரு பங்கு கூடத்தானே திருப்பிச் செய்யணும்? ஆட்டத்துல சேத்தது அதுக்குப் பத்தலைன்னு சொன்னா. நாந்தான் கட்டுனேன்."

மாப்பிள்ளை, எனக்கு வந்த யானையை நான் விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன்.

விதிக்கு என்ன செய்வது என்று நீயே சொல்.

மீரான்

*

2.11.2025

என் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. கோபத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் குத்தியிருக்கிறேன். நீ அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் யார் வீட்டுக்கோ தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். நான் கூரையையும் செம்பருத்தியையும் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா.

கம்பெனியைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளமாட்டேன். அவன் சாவி வியாபாரிதான். ஆனால் காசு போடுகிறவன் எல்லாம் வரிசையைத் தாண்டத்தான் போடுகிறான் என்று நினைத்தேன். நீ ஒரு சண்டையையும் ஜெயிக்க வாங்கவில்லை. அதற்கு என்னிடம் விதி இல்லை.

போட்ட விதிக்கு நான் கட்டுப்படவேண்டும். மீரானைத் தலைவனாக்கிவிட்டு, என்னைக் கூட்டத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன். போனை அவன் உன்னிடமே கொண்டுவந்து தருவான். ஊர் இனி உன்னுடையது. பெயரையும் 'கௌசல்யா' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மண்டபத்துக்கு மாடி கட்டினால் இன்னொரு விழா நடத்தலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு வெளியே இருக்கிற ஊருக்குக் காசு போட்டு வாங்கிய பரிசைத்தான் அனுப்பமுடியும். அனுப்பினால் அவர்கள் பெயரிலும் கட்டம் விழும். எங்கள் ஆட்கள் செய்யமாட்டார்கள். யாரும் வரவில்லை என்று நீ வருத்தப்படக்கூடாது. ஆனாலும் நடத்து. மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

உன் தம்பி,
செழியன்

*

7.12.2025

பிரியமுள்ள என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று திருக்கார்த்திகைக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினேன்.

நீ எழுதிய அந்த வரி எனக்கு வலித்தது. இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் எழுதிவிட்டேன். யானை வாங்கியதை நானும் உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் போனை வாங்கிவிடுவாய் என்று பயந்தேன்.

நேற்று மாடி முடிந்தது. உன் மாமா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் வரமாட்டார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறான், எதற்கு வேட்டி என்றேன். "வராட்டி என்ன, நாம இருக்கோம்ல, அழுத்து" என்றார். அழுத்தினேன்.

வாசல் சும்மாதான் கிடந்தது. நான் எழுந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விட்டேன். மேளச்சத்தம் கேட்டது. உன் மாமா கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். மீரான் நிற்கிறார், தம்பி. பெயரைச் சுற்றித் தங்கக் கட்டம். அவருக்குப் பின்னால் தமிழ்மதி, அவளுக்கும் கட்டம். பிறகு இன்னும் சிலர். இதுவரை ஒற்றை ரூபாய் போடாத பிள்ளைகள். எல்லோரும் வரவில்லை. விதியை எடுத்துவிட்டதால் கூட்டம் கெட்டுப்போய்விட்டது என்று பெரியகருப்பன் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவரைக் குறை சொல்லாதே. வெறுங்கை என்ற பெயரை மாற்றலாமா என்று மீரான் கேட்டாராம், யாரும் சம்மதிக்கவில்லையாம்.

மேளம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். கடைசியாக ஒரு பெயர் வந்தது. புது ஆள். ஊரில் சுவர் இல்லை, வீடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை, வெறும் பொட்டல். பெயர் 'கௌசல்யா தம்பி'. கொண்டுவந்தது ஒரு சேவல். இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான் என்று மீரான் பிறகு சொன்னார். அந்தப் பெயரைச் சுற்றியும் கட்டம் இருந்தது. போன் இல்லாத இடத்தில் யார் போனை இரவல் வாங்கினாய், யாரிடம் கெஞ்சினாய் என்று கேட்கமாட்டேன். உன் மாமா "வாங்க மாப்ள" என்று சொல்ல வாயெடுத்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.

வந்தவர்களுக்கு எப்போது திருப்பிச் செய்யப்போகிறாய் என்று உன் மாமா காலையிலேயே கேட்டார். செய்வேன், யாருக்கும் பாக்கி வைக்கமாட்டேன். ஆனால் இப்போது இல்லை, தம்பி. கொஞ்ச நாளைக்கு வாங்கினவளாகவே இருந்துகொள்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் நேராக இங்கே வா.

அக்கா,
கௌசல்யா